சிவகாசிச் சீமையில் ஓய்வு நாளும் உவகைக் கலைகளும்

பொழுதுபோக்கு என்னும் சொல்லைப் பலரும் பொழுதை வீணே கழித்தல் என்ற பொருளிலேயே ஆளுகின்றனர். ஊதியம் கருதாது, கட்டாயம் ஏதுமின்றி, கையும் கண்ணும் மனமும் ஒன்றுபட்டு ஒரு செயலில் தோய்வதையே ஈண்டு நான் பொழுதுபோக்கு எனக் குறிக்கின்றேன். அதற்கு முதல் தேவை பணமன்று, ஓய்வு. அவ்வோய்வு சிவகாசி வட்டாரத்திற்கு எளிதில் வாய்த்ததன்று.

கரிசல் மண்ணும் குறைந்த மழையும் உடைய இப்பகுதியில் உழவு நிலையான வாழ்வைத் தரவில்லை. 1922ஆம் ஆண்டில் பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார் ஆகிய இருவர் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினர் என்பது பலரும் அறிந்த வரலாறு. உழவுக்குப் பகையான வறண்ட வானிலையே தீக்குச்சிக்கும் பட்டாசுக்கும் நட்பாயிற்று. பெட்டிக்கு வண்ணப்படம் வேண்டியிருந்ததால் அச்சகங்களும் பெருகின. ‘குட்டி ஜப்பான்’ என்ற பெயரும் வந்தது.

அப்பெயரில் பெருமை உண்டு, வேதனையும் உண்டு. கட்டை அடுக்குதல், பெட்டி ஒட்டுதல், லேபிள் ஒட்டுதல் ஆகியவற்றுக்கு எண்ணிக்கைக் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அவ்வேலையில் சிறுவர் சிறுமியரின் விரல்களும் தேய்ந்தன. விடியுமுன் ஊர்தோறும் வந்து பிள்ளைகளை ஏற்றிச் சென்ற பேருந்துகளை இங்குள்ள பெரியோர் மறந்திருக்க மாட்டார்கள். 1990இல் வெளிவந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்னும் ஆவணப்படம் அக்காட்சிகளை உலகறியச் செய்தது. வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 10-12-1996 அன்று தீர்ப்பளித்தது. ஆபத்தான தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை, அதனை வேலைக்கு வைத்தவர் நல நிதிக்குச் செலுத்த வேண்டும் என்றது அத்தீர்ப்பு. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் தொழிலாளர்க்கு வார விடுமுறையை உரிமையாக்கியிருந்தது உண்மையே. ஆயினும் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பெட்டி ஒட்டுபவருக்கு ஞாயிறு ஏது, திங்கள் ஏது! ஆகவே, இன்றைய மாணவர் கையில் இருக்கும் இரண்டு நாள் ஓய்வு, முன்னோர் பலருக்குக் கிட்டாத செல்வம் என்பதை நினைவிற் கொண்டே மேலே செல்வோம்.

சனிக்கிழமையை மலைக்கு அளிக்கலாம். மேற்கே திருவில்லிபுத்தூரைக் கடந்தால் செண்பகத்தோப்பு. 1988இல் இம்மலைப்பகுதி நரை மலை அணில்களுக்கான சரணாலயம் ஆயிற்று. 2021இல் மேகமலையுடன் இணைத்துத் திருவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆதலின் வனத்துறையின் ஒப்புதல் பெற்று, அவர்கள் காட்டும் எல்லைக்குள்ளேயே நடத்தல் வேண்டும். எல்லை மீறுவதை வீரம் என எண்ணும் இளைஞர் சிலர் உளர். யானை நடமாடும் காட்டில் அது வீரமன்று, அறியாமை.

இங்கே காணத்தக்கது அந்த அணிலே. நம் வீட்டுக் கூரையில் ஓடும் மூவரி அணிலை மனத்தில் வைத்துக்கொண்டு தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். இது பன்மடங்கு பெரியது. உடலின் நீளத்திற்கு வாலும் நீண்டிருக்கும். மயிர்நுனி வெளுத்திருப்பதால் நரை எனும் பெயர் பெற்றது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலுமன்றி உலகில் வேறெங்கும் இவ்வினம் இல்லை. தரையில் இறங்குவது அரிது. கிளைவிட்டுக் கிளை தாவியே வாழ்கிறது. அடுத்த மரத்தின் கிளைகள் தொட்டுக்கொள்ளும் உச்சிப்பகுதியில் சுள்ளியும் இலையும் கொண்டு உருண்டையாகக் கூடு கட்டுகிறது. பகை வந்தால் எப்பக்கமும் தப்பலாம் அன்றோ? ஒன்றுக்கு மேற்பட்ட கூடுகளைக் கட்டிவைப்பதும் அதன் வழக்கம். இடையில் ஒரு மரம் வெட்டுண்டால் அதன் பாதை அறுந்துபோகிறது. அடிவாரத்து மா, புளியந்தோப்புகளும் அதற்கு உணவிடமாதலால் தோப்புக்காரருக்கும் அணிலுக்கும் இடையே ஒரு வழக்கு நீண்ட நாளாக நடந்துகொண்டேயிருக்கிறது.

காலையும் மாலையும் அது சுறுசுறுப்பாக இயங்கும்; நண்பகலில் ஓய்வு கொள்ளும். எனவே விடியற்காலையில் சென்று, பேசாது அமர்ந்து, அண்ணாந்து பார்த்திருத்தல் வேண்டும். கையில் ஒரு குறிப்பேடு போதும். கண்ட நேரம், மரம், தின்ற காய், கூட்டின் வடிவம் ஆகியவற்றை எழுதி, இயன்றால் கோட்டோவியமும் வரைக.

மலைக்குச் செல்ல இயலாதோர் மிதிவண்டியில் வெம்பக்கோட்டைக்குச் செல்லலாம். வைப்பாற்றின் அணைநீரைக் காண்பதோடு, அருகே விசயகரிசல்குளத்தில் 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்த இடத்தையும் அறியலாம். சங்கு வளையல்களோடும் மணிகளோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் அங்கே கிடைத்தன. பண்டு வாழ்ந்தோரும் விளையாட நேரம் ஒதுக்கியிருந்தனர்!

ஞாயிற்றுக்கிழமை கைக்கும் காகிதத்திற்கும் உரியதாகுக. இவ்வூர் மாணவர்க்குத் தீப்பெட்டிப் படம் சேர்த்தலைப் போல் பொருந்திய கலை வேறில்லை என்பது என் துணிபு. அஞ்சல்தலை சேர்ப்போர் பணம் செலவிடுகின்றனர். இதற்குக் கடைக்காரரின் தயவும் குனிந்து பொறுக்கும் பொறுமையுமே மூலதனம். மெல்லிய மரத்தகட்டாலான பழைய பெட்டியில் படம் தனித்தாளாக ஒட்டப்பட்டிருக்கும். அதனைப் பிய்த்தெடுத்தல் கூடாது. படமுள்ள பக்கத்தை மட்டும் வெட்டி, வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடுக. பசை இளகியதும் படம் தானே வழுகிவரும். தூய வெள்ளைத் துணியின்மேல் இட்டு நிழலில் உலர்த்தி, கனமான நூலின் இடையே ஓரிரவு வைத்தால் சுருக்கம் நீங்கும். பின்னர் ஏட்டில் முழுப்பரப்பையும் ஒட்டாது, மேல் விளிம்பில் மட்டும் சிறு காகித மடிப்பொன்றைக் கஞ்சிப்பசையால் இணைத்துப் பொருத்துக. பின்னாளில் சேதமின்றிக் கழற்றலாம். இப்போது வரும் அட்டைப்பெட்டிகளில் அட்டைமீதே படம் அச்சாகிறது. அவற்றை விரித்துத் தட்டையாக்கி வைத்தல் வேண்டும்.

சேர்ப்பது பாதி, படிப்பது மீதி. உருப்பெருக்கியால் நோக்கினால் நீலம், செம்மை, மஞ்சள், கறுப்பு என நால்வண்ணப் புள்ளிகள் தெரியும். ஆஃப்செட் அச்சின் அடையாளம் அது. வண்ணம் கோட்டைத் தாண்டி வழிந்திருப்பின், அச்சுத்தாள் ஓரிழை நகர்ந்துவிட்டது என்று பொருள். அத்தகைய பிழைப்படங்களைத் தொகுப்போர் ஆவலுடன் தேடுவர். சுவீடனும் ஜப்பானும் தீப்பெட்டி அனுப்பிய காலத்தில், இந்திய மக்களைக் கவர இந்தியத் தெய்வ உருவங்களை அந்நாட்டினர் அச்சிட்டனர். 1934இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி விதிக்கப்பட்டபின், வரி செலுத்தியமையைக் காட்டும் மெல்லிய காகிதப்பட்டை பெட்டியைச் சுற்றி ஒட்டப்பட்டது. விலையும் வரலாறே. 2007இல் ஒரு ரூபாயாக உயர்ந்த பெட்டி, 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயாயிற்று. கப்பலைப் போட்ட பெட்டி, சிறுத்தையோடு மனிதன் பொருதும் பெட்டி எனப் புகழ்பெற்ற படங்களைப் போலவே தோன்றுமாறு பிறர் வெளியிட்ட போலிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தல் தனிச்சுவை.

ஓர் எச்சரிக்கை. கைத்திறன் என்றவுடன் வீட்டில் மருந்து கலந்து வெடி செய்து பார்க்கும் விபரீத ஆசை சிலருக்கு எழுவதுண்டு. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 உயிர்கள் மடிந்தன. உதவ ஓடியவரும் பார்க்கக் கூடியவரும் அவருள் பலர். தொழில் நடந்த இடத்திலேயே அந்நிலை எனின் மேலும் சொல்ல வேண்டுவதில்லை.

தொகுப்பு ஓரளவு நிறைந்ததும் அதனை வீட்டிலுள்ள பாட்டியிடமோ அத்தையிடமோ காட்டுங்கள். எந்தப் படம் எந்த ஆண்டில் வந்தது, ஒரு குரோஸுக்கு என்ன கூலி, எத்தனை வயதில் ஒட்டத் தொடங்கினார்கள் என்பதை எந்த நூலினும் தெளிவாக அவர்கள் சொல்லக்கூடும். அதனை அப்படத்தின் கீழேயே எழுதிவையுங்கள். மை பழைய தாளில் ஊறிப் பரவும். பென்சிலால் எழுதுவது நன்று.