குதிரை லாட வளைவு: பாறையும் ஆறும் ஒளியும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பேஜ் என்னும் சிற்றூரை அடுத்து, கொலராடோ ஆறு ஒரு பாறைமேட்டைச் சுற்றி ஏறக்குறைய 270 பாகை திரும்பிக் குதிரை லாடம்போல் வளையும் இடம் ஹார்ஸ்ஷூ பெண்ட் என வழங்குகிறது. நீர்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர் உயரத்தில், செங்குத்தாக இறங்கும் பாறை விளிம்பில் நின்று இவ்வளைவைப் படம்பிடிப்பதற்காகவே உலகெங்கிலுமிருந்து மக்கள் அங்கே செல்கின்றனர்.

சமவெளியில் மெதுவாக ஓடும் ஆறு நெளிந்து செல்வது இயல்பே. ஆனால் கடும்பாறைக்குள் அத்தகைய நெளிவு அமைந்திருப்பது விளக்கம் வேண்டுவது. கொலராடோ பீடபூமி உயர்ந்தபோது, ஆறு தன் பழைய தடத்தை விட்டு விலகாமல், அதே நெளிவிலேயே பாறையை அறுத்துக் கீழிறங்கியது என்று புவியியலாளர் கூறுவர். இவ்வாறு ஆழப் பதிந்த வளைவைப் 'பதிந்த நெளிவு' எனலாம். அறுபட்ட பாறையோ நவஹோ மணற்கல், அதாவது சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்து கிடந்த பாலைவன மணற்குன்றுகள் இறுகிக் கல்லானது. விளிம்புக்குச் செல்லும் வழியில் குனிந்து பார்த்தால், அன்று வீசிய காற்று அடுக்கிய மணல், சாய்ந்த மெல்லிய வரிகளாக இன்றும் தெரியும். மணல்துகளைப் போர்த்திருக்கும் இரும்பின் துருவே பாறைக்குச் செம்மை தருகிறது.

கொலராடோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்கே செந்நிறமானது என்று பொருள். செவ்வண்டல் கலந்து ஓடியதால் ஆற்றுக்கு அப்பெயர் வந்தது. ஆயினும் இன்று படங்களில் தெரிவது பச்சை நீர். மேற்புறத்தில் உள்ள கிளென் கேன்யன் அணை 1963இல் நீரைத் தேக்கத் தொடங்கியபின், வண்டல் அணைக்குப் பின்னால் தேங்கிய பவல் ஏரியிலேயே படிந்துவிட, அணையின் ஆழத்திலிருந்து குளிர்ந்த தெளிந்த நீரே வெளிவருகிறது. கலங்கிய வெதுவெதுப்பான நீருக்குப் பழகிய நாட்டு மீன்கள் இதனால் நலிவுற்றன என்பதையும், கண்ணைக் கவரும் அப்பச்சை நிறத்தோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

காட்சிமுனை மேற்கு நோக்கியிருப்பதால், பலரும் விரும்பும் மாலையில் சூரியன் கேமராவுக்கு நேரெதிரே நிற்க, வானம் கண்ணைக் கூசச்செய்யும்போது பள்ளத்தாக்கு இருண்டுபோகிறது. ஆகவே ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவுகளில் எடுத்துப் பின்னர் இணைப்பது வழக்கம். அதிகாலையில் பாறைச்சுவரின் நிழல் ஆற்றின்மேல் விழுகிறது. நிழல் நீரைவிட்டு விலகும் நடுக்காலைப் பொழுதே ஆற்றின் நிறத்தையும் பாறையின் வரிகளையும் ஒருசேரக் காட்ட ஏற்றது; நீர்ப்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் வடிகட்டி அப்போது பெரிதும் உதவும். வளைவு முழுவதும் அடங்க மிக அகன்ற கோண லென்ஸோ, கைப்பேசியின் பனோரமா வசதியோ வேண்டும். டிரோன் பறக்கவிட அனுமதியில்லை.

வாகன நிறுத்தத்திலிருந்து போய்வர ஏறத்தாழ 2.4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். கோடையில் போதிய தண்ணீரின்றிப் புறப்படக் கூடாது. விளிம்பில் தடுப்புக் கம்பி ஒரு பகுதிக்கு மட்டுமே உள்ளது. மணற்கல் உதிரும் தன்மையுடையது, காற்றும் திடீரென வலுக்கும். விழுந்து உயிரிழந்தோரும் உண்டு என்பதால், படத்துக்காக ஓரடிகூட விளிம்பை நெருங்காமல், கம்பிக்கு உட்புறம் நின்றே எடுப்பீர்களாக.