ஆச்சி நாக்குக்கு எட்டாத பெயர்

ஆவணியில் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு பெயர்சூட்டுக்குப் போயிருந்தேன். என் பெரியம்மையின் மகன் வயிற்றுப் பேரன். குழந்தையின் காதில் மூன்று தடவை பெயர் சொல்ல வேண்டியது அவள்தான். ‘ஹ்ருத்விக்’ என்று தாளில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு “உருத்து...” என்றாள். நின்றாள். மருமகள் மெதுவாகச் சொல்லிக் கொடுத்தாள். மறுபடியும் “உருத்து”. கூட்டம் சிரித்தது. பெரியம்மை தாளை மடித்து இடுப்பில் செருகினாள். “ராசா, ராசா, ராசா” என்று காதில் சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

“யாரும் வைக்காத பேரா இருக்கணும்னு தேடுனோம்ணே” என்றான் தம்பி. நட்சத்திர எழுத்து, கூட்டு எண் எல்லாம் பார்த்து மூன்று மாதம் செல்போனில் தேடியிருக்கிறார்கள். அதே தெருவில் ஒரு ரித்விக்கும் ஒரு சாத்விக்கும் இருக்கிறார்கள்.

ஊரே வைக்கிற பெயரை ஏன் ஒதுக்க வேண்டும்? நெல்லையப்பன், காந்திமதி என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரலிங்கம் என்றால் சங்கரன்கோவில். உலகம்மாள் தென்காசி, குற்றாலிங்கம் குற்றாலம். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து பெற்ற பிள்ளை ஆரோக்கியசாமி, நாகூர் தர்காவுக்கு நேர்ந்தவர் நாகூர் மீரான். முகவரி கேட்க வேண்டியதில்லை. இசக்கி, சுடலை, பேச்சி என்றால் எந்தப் பீடத்துக்குப் பொங்கல் வைக்கிற குடும்பம் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

பேரன் என்பதே பெயரன்தான். தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். அதனால் ஒரு வீட்டில் நான்கு சுடலைமுத்து இருப்பார்கள். யாரும் குழம்பியதில்லை. கடைக்காரர் சுடலை, பட்டாளத்துச் சுடலை, மேலவீட்டுச் சுடலை என்று ஊர் பிரித்துக்கொள்ளும். மாமனார் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அதனால் பெற்ற பிள்ளையையே ‘பெரியவரே’ என்று கூப்பிட்ட தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். கோபம் வந்தால்கூட “பெரியவரே, சேட்டை பண்ணாதிரும்” என்பார்கள். செத்துப்போன மனிதருக்கு அந்த வீட்டில் தினமும் மரியாதை நடந்தது.

ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருந்தால் சிரமம் என்பவர்கள் உண்டு. அதற்குத்தான் நம்மிடம் இன்ஷியல் இருக்கிறது.

எனக்குப் பயம் வேறு. வடமொழிப் பெயர் நமக்குப் புதிதல்ல. ஆனால் அன்று பெயர்தான் நாக்குக்கு வளைந்தது. ரகரமும் லகரமும் சொல்லுக்கு முதலில் வராது என்பது தொல்காப்பிய காலத்து வழக்கு. அதனால் ராமன் இராமன் ஆனான், ரங்கன் அரங்கன் ஆனான். ஷண்முகம் சண்முகமானது, கிருஷ்ணனைக் கிட்ணன் ஆக்கிக்கொண்டார்கள். இன்று அப்படி வளைக்க வழியில்லை. பிறப்புச் சான்றிதழில் ஏறிய எழுத்து ஆதார், பாஸ்போர்ட் என்று கடைசி வரை கூட வரும். ஆச்சி ‘உருத்து’ என்றால் அது தப்பு. நாளைக்குப் பேரனே திருத்துவான். திருத்தப்படுவோமோ என்ற கூச்சத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதையே விட்டுவிடுகிற கிழவிகள் எத்தனை வீட்டில் இருக்கிறார்கள்! சொந்தப் பேரனைத் தெருவில் சத்தம் போட்டுக் கூப்பிட முடியாமல் ஒரு மனுஷி உட்கார்ந்திருப்பது சின்ன விஷயமா?

அவசரப்படத் தேவையில்லை. பெயரில்லாமல் பிறப்பைப் பதிந்துவிட்டு ஓர் ஆண்டுக்குள் கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை சேர்க்கலாம். அத்தனை அவகாசத்தில், வீட்டிலேயே மூத்தவரை ஒருமுறை அந்தப் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னால் என்ன?

பெரியப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. குலசாமி பெயர் அவருக்கு. அந்தப் பெயரைப் பெரியம்மை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போன வாரம் போன் பண்ணி, குழந்தை எப்படி இருக்கிறான் என்று கேட்டேன்.

“பெரியவரு இப்பம் குப்புற விழுதாருல்லா!” என்றாள்.