கணவனும் மனைவியும் சிறு ஒயின் ஆலை தொடங்குதல்
பொதட்டூர்பேட்டைப் பகுதிக் குடியானவர்கள் அறிய வேண்டிய விஷயங்கள்

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள பொதட்டூர்பேட்டை நெசவுக்குப் பேர்போன ஊர். சுற்றுப்புறக் கிராமங்களில் நெல்லும், வேர்க்கடலையும், கரும்பும், மாவும் விளைகின்றன. இவ்வூரில் ஒரு தொழிலைக் கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்துவது புதிய வழக்கமன்று. கணவன் தறியில் அமர, மனைவி தார் சுற்றிக் கொடுப்பது தலைமுறைகளாக நடந்து வருகிறது. அவ்வாறே இருவர் கூடிக் கொஞ்சம் திராட்சை பயிரிட்டு, அதன் பழத்தினின்றும் ஒயின் செய்து பிழைக்கலாகுமா என்று கேட்போர் உளர். ஆயினும் தறிக் கூலி வாரந்தோறும் கைக்கு வரும். ஒயினோ நட்ட நாள் முதல் நான்கைந்து வருஷங்கள் காத்திருக்கச் செய்யும். இவ்வித்தியாசத்தை முதலில் உணராமல் நிலத்தையும் நகையையும் ஈடு வைத்து இறங்குவோர் பெரிதும் நஷ்டமடைவர். ஆகையால் இத்தொழிலில் எது முன், எது பின் என்னும் வரிசையை ஈண்டு விளக்குவோம்.

ஓர் உதாரணம்

தம்பதிகள் தொடங்கிய ஒயின் தோட்டத்திற்குத் தென்னாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஹைதராபாத்தைச் சேர்ந்த கிருஷ்ண பிரசாத் சிகுருபாட்டியும் அவர் மனைவியார் உமா சிகுருபாட்டியும் கர்நாடகத்தில் ஹம்பிக் குன்றுகளுக்கு அருகில் அமைத்த கரிஸ்மா தோட்டமே அது. கிருஷ்ணா, உமா என்னும் இரு பெயர்களின் எழுத்துக்களைக் கூட்டியே அப்பெயர் அமைந்தது. அவர்கள் முதலில் தங்கள் வீட்டிலேயே சிறிய அளவில் ஒயின் செய்து பழகினர். பின்னரே நிலம் தேடிக் கொடி நட்டனர். கபர்னே சோவின்யோன், சாஞ்சியோவேசே, சோவின்யோன் பிளாங்க் முதலிய அந்நிய ரகங்களை அங்கே பயிரிட்டு, சொந்தத் தோட்டத்துப் பழத்தைக் கொண்டே ஒயின் செய்கின்றனர்.

இவ்வுதாரணத்தினின்றும் கொள்ள வேண்டியது ஒன்று, தள்ள வேண்டியது ஒன்று. சிறிய அளவில் பழகிய பின்பே பெரிய செலவில் இறங்கியது கொள்ளத்தக்கது. ஆனால் அவர்கள் கிரானுல்ஸ் என்னும் பெரிய மருந்துக் கம்பெனியை நடத்துபவர்கள். கொடி காய்க்கும் வரையில் காத்திருக்க அவர்களுக்கு வேறு வருமானம் இருந்தது. அவ்வித ஆதாரமில்லாத சிறு குடியானவர் அவர்களுடைய அளவைப் பின்பற்றுதல் தகாது.

முதலாவது: சட்டம்

சென்னை ராஜதானியில் மதுவிலக்குச் சட்டம் 1937-ம் வருஷம் இயற்றப்பட்டு முதலில் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்தது. மறு வருஷமே சித்தூர் ஜில்லாவுக்கும் அது விரிவாக்கப்பட்டது. அந்நாளில் திருத்தணிப் பகுதி சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1960-ம் வருஷத்திலேதான் அது தமிழ்நாட்டுடன் இணைந்தது. பின்னர் மதுக்கடைகள் திறக்கப்பட்டதும் மூடப்பட்டதும் பலமுறை நடந்தபோதிலும் 1937-ம் வருஷச் சட்டம் இன்றும் இருந்து வருகிறது. ஆகவே அனுமதிச் சீட்டின்றி ஒயின் செய்தல் குற்றமாகும். சொந்தத் தோட்டத்துப் பழம் என்பதும், வீட்டுக்கு மட்டும் செய்தது என்பதும் தக்க சமாதானங்கள் ஆகமாட்டா. கர்நாடகத்தில் ஒருவர் செய்ததை இங்கே ஒருவர் கேள்விப்பட்டு அப்படியே செய்யலாகாது.

தமிழ்நாட்டில் ஒயின் உற்பத்திக்கென 2006-ம் வருஷத்தில் தனி விதிகள் ஏற்பட்டன. தேனி ஜில்லாவில் ஒயின் ஆலையும் அமைந்தது. ஆயினும் செய்த ஒயினை விற்கும் வழி குறுகியது. 1983-ல் ஏற்பட்ட தமிழ்நாடு மாநில வாணிபக் கழகமே 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனையை நடத்துகிறது. மகாராஷ்டிரத்தில் 2001-லும், கர்நாடகத்தில் 2007-லும் ஒயின் தொழிலை ஆதரிக்கும் கொள்கைகளை அந்தந்த அரசாங்கங்கள் வெளியிட்டன. அங்கே தோட்டத்தைக் காண வருவோருக்கு ஆலையிலேயே ஒயினை ருசி பார்க்கக் கொடுத்து விற்பதால் சிறிய ஆலைகளும் நிலைக்கின்றன. இங்கே அவ்வசதி உண்டென்று எண்ணி ஒருவரும் கணக்குப் போடலாகாது. கொடி வாங்கும் முன், மதுவிலக்கு ஆயத்தீர்வைத் துறையில் உற்பத்தி, விற்பனை இரண்டையும் பற்றி எழுத்து மூலமாகவே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது: பருவம்

நாசிக் பக்கத்துத் தோட்டக்காரர் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் கவாத்துச் செய்து, தை முதல் பங்குனிக்குள் பழம் பறிக்கின்றனர். அங்கே பழம் முதிரும் காலம் குளிர்ந்த, மழையற்ற காலம். அந்தப் பஞ்சாங்கத்தைப் பொதட்டூர்பேட்டையில் கைக்கொண்டால், இளந்தளிர் விடும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். ஈரத்தில் அடிச்சாம்பல் நோய் இலையிலும் பூங்கொத்திலும் பரவி விளைவைக் கெடுக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கில் வருஷத்திற்கு இரண்டு விளைவு எடுப்பர். மார்கழி, தையில் கவாத்துச் செய்தது சித்திரை, வைகாசியில் பழுக்கும். வைகாசி, ஆனியில் செய்தது ஆவணி, புரட்டாசியில் பழுக்கும். பொதட்டூர்பேட்டைப் பக்கத்தில் ஆவணி, புரட்டாசியிலும் நல்ல மழை பெய்வதால் இரண்டாவது விளைவின் பழம் வெடித்து அழுகும், சாறும் நீர்த்துப்போகும். எனவே ஒயினுக்கு இங்கே தகுந்தது கோடை விளைவு ஒன்றே. ஆனால் அவ்விளைவு பழுக்கும் மாதங்களோ வெயில் கடுமையான மாதங்கள். மழையினின்றும் தப்பினால் வெயிலில் அகப்பட வேண்டியதே இவ்விடத்துத் தோட்டக்காரரின் நிலை. பின்னால் கூறப்படும் குளிர்ச்சிச் செலவுக்கெல்லாம் இதுவே காரணம்.

மேற்கே நந்தி மலைப் பக்கத்தில் 1980-களில் கிரோவர் குடும்பத்தார் தொடங்கிய தோட்டம் நன்கு நிலைத்ததற்கு ஒரு முக்கிய காரணம், அவ்விடம் உயர்ந்த பீடபூமியாதலால் இரவு குளிர்ந்திருப்பதே. தாழ்ந்த சமவெளியாகிய இப்பகுதிக்கு அந்த அனுகூலம் இல்லை.

மூன்றாவது: கொடி

வடிகால் நன்றாயுள்ள செம்மண் நிலமே ஏற்றது. நீர் தேங்கும் களிமண் ஆகாது. கிணற்று நீரையும் மண்ணையும் முன்னதாகச் சோதிக்க வேண்டும். உப்புத்தன்மை இருப்பின் டாக்ரிட்ஜ் போன்ற வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கன்றுகளே உதவும். தமிழ்நாட்டில் நன்கு பழகிய ரகம் பன்னீர் திராட்சை எனப்படும் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நறுமணமுள்ள இப்பழத்தினின்றும் இனிப்பு ஒயின் செய்யலாம். பந்தல் முறையில் 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 670 கொடிகள் பிடிக்கும்.

உண்பதற்குரிய பழமாயின் கொடி தாங்குமட்டும் காய்க்க விடுவர். ஒயினுக்கு அவ்விதம் செய்யலாகாது. குலைகளைக் குறைத்தால்தான் எஞ்சியவற்றில் சர்க்கரையும் நிறமும் மணமும் சேரும். நட்ட இரண்டாம் வருஷ முடிவில் சிறிது காய்க்கும்; மூன்றாம் அல்லது நான்காம் வருஷத்திலேயே நம்பத்தக்க விளைவு உண்டாகும். ஆகையால் முதலில் கால் ஏக்கரில் மட்டும் நட்டு, இரண்டு கோடைகளின் பழத்தை உண்ணும் பழமாகவே சந்தையில் விற்றுப் பார்த்தல் உத்தமம். ஆலை அமையாமற் போயினும் அச்செலவு வீணாகாது.

பறிக்கும் நாள்

ஒயினின் குணம் பாதிக்கு மேல் பறிக்கும் நாளிலேயே தீர்ந்துவிடுகிறது. சாற்றின் சர்க்கரையைப் பிரிக்ஸ் மானியால் அளக்க வேண்டும். 22 முதல் 24 டிகிரி வரை இருத்தல் நலம். லிட்டருக்கு 17 கிராம் சர்க்கரை நொதித்தால் நூற்றுக்கு ஒரு பங்கு சாராயச் சத்து உண்டாகும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் சர்க்கரையை மட்டும் பார்த்தல் போதாது. கோடை வெயிலில் சர்க்கரை ஏற ஏறப் புளிப்பு விரைவாகக் குறையும். புளிப்புக் குறைந்த ஒயின் ருசியற்றது. எளிதில் கெடவும் கூடியது. ஆகவே பழம் நிறம் மாறியது முதல் சில நாட்களுக்கொருமுறை தோட்டத்தின் பல பக்கங்களிலிருந்தும் பழம் எடுத்து, சர்க்கரை, புளிப்பு இரண்டையும் குறித்துவர வேண்டும். கொட்டை பச்சை நீங்கிப் பழுப்பானதையும் கவனிக்க வேண்டும். விடியற்காலையில், வெயில் ஏறுமுன் பறித்து முடித்தல் அவசியம்.

நொதித்தல்

பழத்தைக் காம்பு நீக்கி நசுக்கியவுடன் 100 கிலோவுக்குச் சுமார் 10 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் கலப்பர். இது காட்டுக் கிருமிகளை அடக்கும். பின்னர் ஒயினுக்குரிய ஈஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். ரொட்டி ஈஸ்ட் தகாது. சிவப்பு ஒயினுக்குத் தோலுடனும், வெள்ளை ஒயினுக்குச் சாற்றை மட்டும் பிரித்தும் நொதிக்க விடுவர். சிவப்பு ஒயினில் மேலே மிதக்கும் தோலை நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை அமுக்கிவிட வேண்டும்.

நொதிக்கும்போது சாறு தானே சூடேறும். சிவப்பு ஒயின் 30 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும், வெள்ளை ஒயின் 18 டிகிரிக்கு மேலும் போகாமல் காத்தல் நலம். 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் தளர்ந்து நொதித்தல் பாதியில் நிற்கும். எஞ்சிய சர்க்கரையைக் கெட்ட கிருமிகள் பற்றிக்கொள்ளும். சித்திரை வெயிலில் ஈரச் சாக்குப் போர்த்துவது போதாது. பழத்தைக் குளிர் அறையில் ஓர் இரவு வைத்தலும், குளிர்நீர் சுற்றிவரும் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டியும் இன்றியமையாதன. மின்சாரம் நின்றால் நடத்த ஜெனரேட்டரும் வேண்டும். செம்பு, பித்தளை, இரும்புப் பாத்திரங்களை உபயோகிக்கலாகாது. நொதித்து முடிந்த ஒயின் தொட்டியில் வெற்றிடமின்றி நிரம்பியிருக்க வேண்டும். காற்றுப் பட்டால் காடியாகிவிடும்.

உயிருக்கு அபாயம்

ஒரு லிட்டர் சாறு நொதிக்கையில் 50 லிட்டருக்கு மேற்பட்ட கரியமில வாயு வெளிப்படும். அதாவது 1,000 லிட்டர்த் தொட்டி ஒன்று, 16 அடி நீளமும் 13 அடி அகலமும் 8 அடி உயரமுமுள்ள அறை முழுவதையும் நிரப்பவல்ல வாயுவைச் சில நாட்களில் வெளிவிடும். இவ்வாயு கண்ணுக்குத் தெரியாது. காற்றினும் கனமாதலால் தரையிலும் தொட்டியின் அடியிலும் தங்கும். தொட்டியைக் கழுவ இறங்கியவரும், அவரைத் தூக்கப்போனவரும் ஒருங்கே மாண்ட செய்திகள் பல நாடுகளில் உண்டு. ஆகையால் தரை மட்டத்தில் காற்றை வெளியேற்றும் விசிறி வைக்க வேண்டும். கூடியவரையில் தொட்டியை வெளியில் நின்றே கழுவ வேண்டும். இறங்க நேரின் வாயு அளவுமானியால் சோதித்த பின்பே இறங்க வேண்டும். மெழுகுவர்த்தி எரிவதை நம்பலாகாது. விளக்கு அணையும் முன்பே மனிதனுக்கு அபாயம் நேரலாம். ஒருவர் உள்ளே இருக்கையில் மற்றவர் வெளியே நிற்க வேண்டும். ஆபத்து நேரின் கூவி உதவி அழைக்க வேண்டுமேயன்றித் தாம் பின்னால் குதிக்கலாகாது. இந்த விதியை இருவரும் முன்னதாகவே பேசி உறுதி செய்துகொள்வது அவசியம்.

கணக்கு

ஏக்கருக்கு 3 டன் என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். டன்னுக்கு 600 லிட்டர் வீதம் 1,800 லிட்டர் ஒயின் கிடைக்கும். இது 225 லிட்டர் கொள்ளும் பீப்பாய் எட்டுக்குச் சமம். 750 மில்லிலிட்டர் புட்டிகளாக 2,400. இவ்வளவு புட்டிகளின் பேரில்தான் அனுமதிக் கட்டணம், குளிர்ச்சி இயந்திரம், தொட்டி, புட்டி, தக்கை, வரி, கடன் வட்டி யாவும் ஏறும். பழத்தின் விலை அதில் சிறு பங்கே. ஒரே விளைவு கெட்டாலும் அடுத்த பழத்திற்கு ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இதனாலேயே, அனுமதி கிடைத்த பின்னும் முதல் சில வருஷங்கள் கம்பத்திலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ பழம் தருவித்துச் செய்து பழகுவது, சொந்தக் கொடி முழுவதையும் அதன்மேல் நம்பி நடுவதினும் விவேகமாகும்.

வேலையைப் பங்கிட்டுக்கொள்வதும் முன்கூட்டியே தீர்மானிக்கத்தக்கது. ஒருவர் தோட்டத்தையும், மற்றவர் தொட்டி அறையையும் கணக்கையும் பொறுப்பேற்றல் நல்லது. ஆயினும் ஒவ்வொருவரும் மற்றவர் வேலையை அறிந்திருத்தல் வேண்டும். நொதிக்கும் பத்து நாளும் ஒருவர் நோய்ப்பட்டாலும் தொட்டி காத்திராது. நிலம், அனுமதி, கடன் ஆகிய பத்திரங்களில் இருவர் பெயரும் இருத்தல் பின்னாள் வழக்கைத் தவிர்க்கும்.

முடிவாகக் கூறுமிடத்து, தறி அல்லது வேறு தொழில் ஒன்றைக் கைவிடாமல், முதல் வருஷம் சட்டத்தையும் மண்ணையும் அறிவதற்கும், அடுத்த மூன்று வருஷங்கள் கால் ஏக்கர்த் தோட்டத்திற்கும் ஒதுக்கிய தம்பதிகள், நஷ்டப்பட்டாலும் சிறிதளவே நஷ்டப்படுவர். புனாவை அடுத்த மாஞ்சரியிலுள்ள தேசிய திராட்சை ஆராய்ச்சி நிலையம் கொடி, நோய், ஒயின் ரகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்து வருகிறது. அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் மண், நீர்ச் சோதனைக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம். அச்சோதனைக்கு மண் எடுப்பதே செய்ய வேண்டிய முதற் காரியம். தொட்டி வாங்குவது கடைசிக் காரியம்.