வாக்கும் வாழ்வும்



2019-ஆம் ஆண்டு மக்களவைத் தேர்தல் முடிந்த சமயம். தென்சென்னைத் தொகுதியில் ராதா என்னும் திருநங்கை சுயேச்சையாக நின்று தோற்றிருந்தார். மயிலாப்பூரும் தியாகராய நகரும் அத்தொகுதியைச் சேர்ந்தவை. மயிலாப்பூரில் என்னிடம் பாடம் கேட்க வந்த மாணவன் ஒருவன், "தோல்வி உறுதி என்று தெரிந்தும் ஏன் ஐயா நிற்க வேண்டும்?" என்று வினவினான். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவு தரவில்லை. அவ்வினாவையே இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன்.

மக்களவைத் தேர்தலில் நிற்பவர் பொதுவாக 25,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாமல் தோற்றால் அத்தொகை திரும்பி வாராது. நிலையான வருவாய் இல்லாதவர்க்கு இது சிறு தொகையா? வாக்குரிமை ஏட்டில் யாவர்க்கும் ஒன்றே. ஆயினும் அதைக் கொண்டு களத்தில் இறங்கக் கையில் பொருள் வேண்டியிருக்கிறது.

அப்பொருள் ஏன் இல்லாமற் போயிற்று? என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் படித்த ஒரு பிள்ளையின் நடையையும் குரலையும் மற்றவர்கள் எள்ளி நகையாடினர். நான் கண்டும் காணாதவனாக இருந்துவிட்டேன். அப்பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது. பின்னொரு நாள் தியாகராய நகரில், கடை கடையாகக் கைநீட்டி வந்த ஒருவர் என்னைக் கண்டதும் கையைத் தாழ்த்தி, "வணக்கம், சார்" என்றார். என் தலைதான் குனிந்தது. பள்ளியை இழந்தவர் சான்றிதழை இழக்கிறார். சான்றிதழை இழந்தவர்க்கு வேலைக்குரிய வாயில் அடைபடுகிறது. வறுமை இவ்வாறுதான் படிப்படியாக வந்து சேருகிறது.

அவ்வாயிலைத் திறக்கும் முயற்சிகளும் நம் நாட்டில் நடந்துள்ளன. இந்தியாவிலேயே முதன்முதலாகத் திருநங்கையர் நல வாரியத்தை 2008-இல் தமிழ்நாடு அமைத்தது. சொந்தத் தொழில் தொடங்க 50,000 ரூபாய் வரை மானியம் வழங்கும் திட்டமும் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களை மூன்றாம் பாலினமாக ஏற்றுத் தீர்ப்பளித்தது. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் கிடைத்தது. பேருந்துச் சலுகை அற்பம் என்று எண்ணாதீர்கள். அடையாற்றிலிருந்து தியாகராய நகருக்கு நாள்தோறும் வேலைக்குச் செல்பவர்க்கு மிஞ்சும் பேருந்துக் கட்டணம் ஒருவேளைச் சிற்றுண்டியாகும்.

சட்டம் வாயிலைத் திறந்தாலும் உள்ளே நுழைபவர் தம் திறமையாலேயே நிற்கிறார். காவல் துறைத் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாசினியின் விண்ணப்பம், அவர் பாலினத்துக்குரிய பிரிவு இல்லையென்று முதலில் தள்ளப்பட்டது. அவர் சென்னை உயர் நீதிமன்றம் சென்றார், 2015-இல் வென்றார், 2017-இல் உதவி ஆய்வாளராகப் பணியேற்றார். தஞ்சை கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜ் 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 2021-இல் மாநில வளர்ச்சிக் கொள்கைக் குழுவின் உறுப்பினரானார். வாக்குப் பெட்டி தராத இடத்தை உழைப்பும் கலையும் பெற்றுத் தந்தன.

வாக்குப் பெட்டியும் என்றென்றும் கைவிட்டுவிடவில்லை. 2022-இல் வேலூர் மாநகராட்சியின் 37-ஆம் வார்டில் கங்கா என்னும் திருநங்கை வெற்றி பெற்றார். வாக்கு வித்தியாசம் வெறும் 15. ஒரு தெருவில் நான்கைந்து குடும்பங்கள் மனம் மாறினால் போதும், இத்தகைய முடிவு எப்பக்கமும் சாயும்.

என் மாணவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுவே: முன்னே நின்று தோற்றவர், பின்னே வருபவரைக் கண்டு ஊர் வியக்காதபடி அதன் கண்ணைப் பழக்குகிறார். நாளை உங்களிற் பலர் கடை நடத்துவீர்கள், அலுவலகத்தில் ஆளெடுப்பீர்கள், வீட்டை வாடகைக்கு விடுவீர்கள். அந்த நாளில் உங்கள் வாயில் திறந்திருக்கட்டும். அதற்கு முன்பாக, இன்று உங்கள் வகுப்பில் எவரேனும் கேலிக்கு ஆளானால், நான் இருந்ததுபோல் வாளா இராதீர்கள்.