முதியோர் கையில் அழைப்பு மணி

தறிக் கணக்கு எடுக்கும் பொருட்டுச் சில மாதங்களுக்கு முன் செல்லூரில் அங்கத்தினர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். முன்கூடத்தில் தறிகள் இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. பின்கட்டில், பக்கவாதத்தால் இடக்கை செயலற்றுப்போன அவருடைய தாயார் படுத்திருந்தார். அம்மையாரின் கழுத்தில் ஒரு சிறு பொத்தான் தொங்கிற்று. அதை அழுத்தினால் கூடத்துச் சுவரில் மணி ஒலிக்கும் என்று மகன் பெருமையுடன் காட்டினார். தறி ஓடும்போதே அழுத்தச் சொல்லுங்கள் என்றேன். அம்மையார் மூன்று முறை அழுத்தினார். நாடா ஓடும் ஓசையும் பலகை அடிக்கும் ஓசையும் தவிர எங்கள் காதில் எதுவும் விழவில்லை. "அதுதானா சார்! எத்தனை கூப்பிட்டாலும் நான் வருவதில்லை என்று அக்காளிடம் சொல்லி அழுதார்களாம்" என்றார் அவர்.

இத்தகைய சாதனத்தை வாங்குகையில் நாம் அழுத்துகிறவரை மட்டுமே மனத்திற் கொள்கிறோம். வந்து உதவ வேண்டியவர் அந்நேரத்தில் எங்கே, என்ன வேலையில் இருப்பார் என்பதே முதலில் ஆராயத்தக்கது. தறியில் இருப்பவருக்கு ஓசை மட்டும் எழுப்பும் மணி போதாது. ஓசையுடன் பளிச்சென மின்னும் விளக்கும் உள்ள மணியை வாங்கி, நெய்பவரின் கண்ணுக்கு நேரே மாட்ட வேண்டும். இடுப்பில் செருகிக்கொண்டால் அதிரும் வகையும் உண்டு. விசைத்தறிக் கூடத்தில் இதுவே மேல்.

சில நூறு ரூபாய்க்கு விற்கும் கம்பியில்லா மணிகள் வானொலி அலையால் இயங்குபவை. பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள தூரம் திறந்த வெளியில் அளந்தது. செங்கற் சுவர் இரண்டும் காங்கிரீட் தளம் ஒன்றும் குறுக்கிட்டால் அதிற் பெரும்பகுதி குறைந்துவிடும். ஆதலின், திருப்பித் தரலாம் என்ற நிபந்தனையுடன் வாங்குவது நலம். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டும், கொல்லைப்புறத்தில் நின்றும், தறியை ஓடவிட்டும் அழுத்திப் பார்க்க வேண்டும். சுவர்ச் செருகியில் மட்டும் இயங்கும் மணி, மின்சாரம் நின்றவுடன் ஊமையாகிவிடும். பராமரிப்புக்கென மின்வாரியம் பகல் முழுவதும் மின்சாரத்தை நிறுத்தும் நாட்களை நாம் அறிவோம். குழித்தறி அன்றும் ஓடும், மணி ஓடாது. பாட்டரியிலும் இயங்கும் மணியே தகும்.

விவசாய அங்கத்தினரின் நிலை வேறு. உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களில் மல்லிகை பறிக்க விடியுமுன்னரே வீட்டை விட்டுச் செல்கின்றனர். சோழவந்தானில் கொடிக்காலுக்குச் சென்றவரை வீட்டு மணி எட்டாது. இவர்களுக்கு, சிம் அட்டையுடன் தானே தொலைபேசியில் அழைக்கும் பொத்தான் வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை. சந்தையிலுள்ள கருவிகள் சில 2ஜி சேவையில் மட்டுமே இயங்குபவை. ஜியோவுக்கு 2ஜி சேவை இல்லாமையால், அதன் சிம்மை இவற்றில் இடுவது வீண். 4ஜி கருவியா என்று கேட்டு வாங்குக. சிம்முக்குரிய கட்டணத்தின் கெடு முடிந்தால் அழைப்பும் முடிந்தது. அத்தேதியை நாட்காட்டியில் குறித்து வைக்கவும். கருவி வரிசையாகப் பல எண்களை அழைக்கும். முதல் எண்ணைத் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்குக் கொடுப்பது பாசத்தால் நேரும் பிழை. ஐந்து நிமிடத்தில் வரக்கூடிய பக்கத்து வீட்டாரின் எண்ணே முதலில் வேண்டும். மகன் இரண்டாவதாக இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸை அழைப்பதா என்பதை வந்து பார்த்தவர் முடிவு செய்வார்.

கீழே விழுந்தால் தானே உணர்ந்து அழைக்கும் கைக்கடிகாரங்களும் உள. விலை மிகுதி. அடிக்கடி மின்னேற்றவும் வேண்டும். அதை மறவாது செய்ய ஒருவர் வீட்டில் இல்லையெனில் நான் பரிந்துரை செய்யேன்.

இனி அணிவது பற்றி. கழுத்துக் கயிற்றை நீராடும்போது கழற்றி ஆணியில் மாட்டிவிடுகின்றனர். வழுக்கி விழுவதோ அங்கேதான். ஆகவே தண்ணீர் புகாத, ஐபி 67 என்று குறித்த மணிக்கட்டுப் பட்டை நல்லது. ஒரு கை செயலற்றவர்க்கு அதை அந்தக் கையிலேயே கட்ட வேண்டும். நல்ல கையில் கட்டினால் அழுத்துவதற்கு விரல் ஏது? அக்கையில் உணர்ச்சி குன்றியிருக்குமாதலால், பட்டை இறுகித் தோல் தடித்துள்ளதா என்று அன்றாடம் பார்த்துக்கொள்ளவும். கழுத்தில்தான் அணிவதென்றால், இழுத்தால் தானே விடுபடும் கொக்கி வேண்டும். தாலிச்சரட்டில் கோத்துக்கொள்வது ஆபத்து; சரடு எளிதில் அறாது. பேரக் குழந்தைகள் உள்ள வீட்டில், காசு போன்ற வட்ட பாட்டரியின் மூடி திருகாணியால் மூடப்பட்டிருத்தல் அவசியம். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கக் கூடியது அது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவாராயின், எந்த விரலால் அழுத்த இயலும் என்று அவரையே கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் பெரியவர்கள் அழுத்துவதில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரில் 90 வயதைக் கடந்தோரிடையே நடந்த ஆய்வொன்று 2008இல் வெளியாயிற்று. ஓராண்டில் விழுந்த 66 பேருள் 20 பேர் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தரையிலேயே கிடந்திருந்தனர். அழைப்புக் கருவி பலரிடம் இருந்தும், நெடுநேரம் கிடந்தோரில் பெரும்பாலோர் அதை உபயோகிக்கவில்லை. அவ்வாறு கிடப்பதால் தசை நைந்து சிறுநீரகமும் கெடக்கூடும். நம் வீடுகளில் காரணம் தேட வேண்டியதில்லை. "மருமகள் பாவு பிணைத்துக்கொண்டிருக்கிறாளே, எழுப்புவானேன்" என்ற தயக்கமே பாதி. மற்றது பழக்கமின்மை. அதற்கு நான் கண்ட வழி, காப்பிக்கும் தண்ணீருக்கும் நாள்தோறும் மணி அடிக்கச் செய்வது. கை பழகும், பாட்டரி தீர்ந்ததும் அன்றே தெரிந்துவிடும்.

செல்லூர் அங்கத்தினர் விளக்கு மின்னும் மணி ஒன்று வாங்கித் தறிக்கு எதிரே மாட்டிவிட்டார். பொத்தான் அம்மையாரின் இடது மணிக்கட்டுக்கு வந்துவிட்டது. அடுத்த முறை நான் சென்று இருப்புப் புத்தகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்த அரைமணியில் விளக்கு இரண்டு முறை மின்னிற்று. முதல் தடவை வெந்நீருக்கு. இரண்டாவது, வந்திருப்பது யார் என்று கேட்பதற்கு.