செம்பனைப் பூவுக்குள் எட்டிப் பார்க்கலாமா?

ரெங்கம் பக்கம் வண்டியில் போகும்போது செம்பனையை யார் நின்று பார்க்கிறார்கள்? கொஞ்சம் இறங்கி வாருங்கள். மட்டைக் கக்கத்தில் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த ஆண்பூவை முகர்ந்து பாருங்கள். சோம்பு வாசனை! யாரோ பக்கத்தில் சோம்பு இடிக்கிற மாதிரி! இப்போது உற்றுப் பாருங்கள். மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் கூன்வண்டுகள், பூவெல்லாம் மொய்த்துக் கிடக்கின்றன.

மலேசியச் செம்பனைக்குத் திரைக்குப் பின்னால் உழைப்பது இந்தப் பொடியன்கள்தான். இந்த நாட்டில் இவை முதன்முதலில் விடப்பட்ட இடம் குளுவாங் மாமோர் தோட்டம், 1981 பிப்ரவரியில். ரெங்கமும் அதே மாவட்டம்தானே! நினைத்தாலே எனக்குத் துள்ளுகிறது.

அதற்கு முன்பு இந்த வேலையைத் தோட்டத் தொழிலாளர்கள் செய்தார்கள். ஆண்பூவின் மகரந்தத்தைச் சேர்த்து, டால்க் பவுடரில் கலந்து, விரிந்த பெண்பூவைத் தேடித் தேடி ஊதவேண்டும். மரத்துக்கு மரம், முள்மட்டைகளுக்கு நடுவே. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த மரம். கூட்டாளிப் பூச்சியை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டது. காற்றுதான் மகரந்தத்தைச் சுமக்கிறது என்று நிபுணர்களே நம்பிக்கொண்டிருந்தார்கள்.

யூனிலீவர் தோட்ட நிர்வாகி லெஸ்லி டேவிட்சனுக்கு மட்டும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே யாரும் ஊதவில்லையே, குலைகள் எப்படி நிறைகின்றன? பூக்களில் பூச்சி மொய்த்ததை அவர் பார்த்திருந்தார். 1970-களின் கடைசியில் பூச்சியியல் அறிஞர் ரஹ்மான் சையத் அந்தக் கேள்வியோடு கேமரூன் போனார். அங்கே பூவின் சூது பிடிபட்டது!

ஆண்பூவில் வண்டுக்குச் சாப்பாடும் உண்டு, முட்டையிட இடமும் உண்டு. பெண்பூவில் எதுவுமே கிடையாது. ஆனால் விரிந்ததும் அதுவும் அதே சோம்பு வாசனையை விடுகிறது! உடம்பெல்லாம் மகரந்தம் ஒட்டிய வண்டு ஆசையாக நுழைகிறது, ஊர்ந்து தேடுகிறது, ஏமாந்து பறக்கிறது. அதற்குள் மகரந்தம் சேர்ந்துவிட்டது.

கண்டுபிடித்தவுடன் அள்ளிக்கொண்டு வந்துவிடவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பொறுமை. கரும்பு வண்டுகளை ஒழிக்க 1935-இல் ஆஸ்திரேலியாவில் தேரைகளை இறக்கிவிட்டு இன்றும் அல்லல்படுகிறார்கள். இங்கே அப்படி நடக்கவிடவில்லை. கூன்வண்டு வேறு பயிரைத் தொடுகிறதா என்று சோதித்தார்கள். நோய் எதுவும் கூடவே வந்துவிடாதபடி தனிமைப்படுத்தி வளர்த்தார்கள். அதன்பிறகுதான் மாமோர்! வண்டு மளமளவென்று தீபகற்பமெங்கும் பரவியது, காய்பிடிப்பு கூடியது, குலைகள் கனத்தன, ஊதும் வேலை நின்றது. 1985-இல் கேரளத்துக்கும் போய்ச் சேர்ந்தது.

இயற்கையைப் பார்த்துத் தீர்வு தேடும் முயற்சிக்கு ‘பயோமிமிக்ரி’ என்ற பெயரை ஜனைன் பெனியஸின் புத்தகம் உலகெங்கும் பரப்பியது 1997-இல். குளுவாங்கில் அதற்குப் பதினாறு ஆண்டுகள் முன்பே, நகல்கூட எடுக்காமல், மரத்தின் பழைய கூட்டாளியையே அழைத்து வந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு ரகசியம் பாக்கி! செம்பனைத் தோட்டங்களில் கம்பத்து உச்சியில் பெட்டி வைத்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? அது கூகைக்கு வீடு. எலி பழத்தை மட்டும் தின்பதில்லை. வாடிய ஆண்பூவைக் கிழித்து உள்ளேயிருக்கும் கூன்வண்டின் புழுக்களையும் தின்னும். கூகை எலியைத் தின்னும். பழத்துக்கென்று வைத்த காவல், வண்டுக் குஞ்சுகளையும் சேர்த்துக் காக்கிறது!