திறந்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள்

சுசீந்திரத்தில் நாள்கணக்கைச் சொல்வது தாணுமாலயன் கோயில் திருவிழாக்கள்தான். மார்கழியில் கொடியேறினால் மூன்றாம் நாள் மக்கள்மார் சந்திப்பு. கோட்டாற்றுப் பிள்ளையாரும் வேளிமலைக் குமாரசுவாமியும் தாய் தகப்பனைப் பார்க்க வருவார்கள். ஒன்பதாம் நாள் தேர். சித்திரையில் தெப்பம்.

2020 மார்ச்சில் கொரோனாவால் அந்தக் கணக்கு அறுந்தது. மற்ற கோயில்களைப் போலத் தாணுமாலயன் கோயிலும் பக்தர்களுக்கு மூடப்பட்டது. செப்டம்பர் 1-ல் திறந்தார்கள். 2021 ஏப்ரல் 26-ல் மூடினார்கள். ஜூலை 5-ல் திறந்து, அடுத்த மாதமே வெள்ளி, சனி, ஞாயிறு தரிசனத்தை நிறுத்தினார்கள். அக்டோபரில் அதுவும் தளர்ந்தது. 2022 ஜனவரியில் அந்தத் தடை திரும்ப வந்தது. ரத வீதியில் பூவும் தேங்காயும் விற்றவர்களின் வருமானமும் இதே கதியில்தான் போயிருக்கும்.

நெடிய பெருந்தொற்று மனத்தை அரித்தது இந்த இழுபறியால்தான். சுனாமி அப்படி இழுக்கவில்லை. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி, பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் பாலத்தையே அடித்துப்போனது. கொடுமைதான், ஆனால் அலை வடிந்தது, ஆட்கள் ஓடி வந்தார்கள், சேர்ந்து அழ முடிந்தது. கொரோனாவில் ஓடி வருவதே குற்றம். ஆஸ்பத்திரியில் இறந்தவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல், பதினாறாம் நாள் சடங்கான அடியந்திரத்துக்கு நாலு பேரைக் கூட்டாமல் முடித்த வீடுகளில் துக்கம் ஆறாமல் தங்கிவிட்டது. ஆபத்து வந்தால் உடம்பு விழித்துக்கொள்ளும். அது கொஞ்ச நேரத்துக்கான ஏற்பாடு. மாதக்கணக்கில் நீண்டால் தூக்கமும் பசியும் கெடும், எரிச்சல் மிஞ்சும்.

முதல் ஆண்டில் உலக அளவில் பதற்றமும் மனச்சோர்வும் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. பெண்களும் இளையவர்களும் அதிகம் அடிபட்டார்கள். நம் ஊரில் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியதே 2021 நவம்பர் 1-ல்தான்.

"மனசைத் திடமா வச்சுக்கோ" என்பது எளிய புத்திமதி; அது மட்டும் போதாது. 2021-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,64,033 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். அவர்களில் கால்வாசிப் பேர் தினக்கூலிகள். எல்லாவற்றையும் கொரோனா கணக்கில் எழுத முடியாது. கைக்காசு இல்லாதவனுக்கு அடி பலம் என்பது மட்டும் தெரிகிறது. பேரிழப்புக்குப் பிறகும் பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள் என்பது அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் பொனான்னோவின் நெடுநாள் ஆய்வு முடிவு. சுபாவம் மட்டுமல்ல, பணமும் பக்கத்துணையும் சேர்ந்தே தேற்றுகின்றன. 2021-ல் அரிசி அட்டைக்குக் கொரோனா நிவாரணமாக இரண்டு தவணையில் கிடைத்த 4,000 ரூபாயை நான் மனநல மருந்தாகவே எண்ணுகிறேன்.

நாடு முழுக்கச் செயல்படும் மனநல உதவி எண்ணான 14416 வந்தது 2022 அக்டோபரில், அலைகள் ஓய்ந்த பிறகு. தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. தமிழக அரசின் 104-ம் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் வராமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அழைக்கலாம். சாகத் தோன்றினால் இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே பேச வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தில் நேரில் பார்க்க ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.